நுவரெலியா டவுன நடந்து பாக்குற டூர்: போங்க, ஆனா தமிழ்ல சொல்லச் சொல்லி கேளுங்க

நுவரெலியாவுல வெள்ளைக்காரங்க காலத்து கட்டடங்கள நடந்தே சுத்திக்காட்டுற டூர் ஒண்ணு நடக்குது. காலைல ஏழரைக்கு தபால் கந்தோருக்கு முன்னால ஆரம்பிச்சு பதினொரு மணி கிட்ட லேக் பக்கம் முடியும், இந்த நாட்டு ஆளுங்களுக்கு 2500 ரூபா, சின்னப் பிள்ளைங்களுக்கு பாதி. அப்பாவ கூட்டிக்கிட்டு போயிட்டு வந்தேன். அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன். அந்த ஒரு ஸ்டார ஏன் குறைச்சேன்னு கீழ சொல்றேன், அது எனக்கு பெரிய விஷயம், அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

நம்ம தேயிலைத் தோட்டத்து ஆளுங்களுக்கு நுவரெலியான்னா பேங்க், ஆஸ்பத்திரி, மார்க்கெட், கச்சேரின்னு சொல்ற அரசாங்க ஆபீஸ், ஏப்ரல் சீசனுக்கு ஒரு ரவுண்டு. பஸ் ஸ்டாண்டுல எறங்குவோம், வேலைய முடிப்போம், கடைசி பஸ்ஸ புடிக்க ஓடுவோம். அந்த செவப்பு தபால் கந்தோர பாக்காத ஆளே நம்மள்ல இல்ல, ஆனா அதுக்கு முன்னால பத்து நிமிஷம் நின்னு கூரைய அண்ணாந்து பாத்தவங்க ரொம்ப கொறைவு. இந்த டூர் அந்த பத்து நிமிஷத்த நமக்கு குடுக்குது. கொழும்புல இருந்து வாறவங்களுக்கும் வெளிநாட்டு ஆளுங்களுக்கும்னுதான் விளம்பரம் போடுறாங்க, ஆனா நான் சொல்றேன், மொதல்ல போக வேண்டியது நாமதான்.

அப்பா ரிட்டயர் ஆன தோட்டத்து பாஸ், பாஸ்னா கைவேலக்காரர், இவருக்கு தச்சு வேல. துரை பங்களாவுல ஜன்னல் ஒடஞ்சாலும் தேயில ஸ்டோர்ல படிக்கட்டு ஆடினாலும் தொழிலாளிங்க இருக்குற லயத்து வீட்டுல கதவு கழண்டாலும் அவரத்தான் கூப்பிடுவாங்க. அதனால பழைய மரத்த பாத்தா அவருக்கு கை சும்மா இருக்காது. கைட் ஒரு தம்பி, முப்பது வயசுக்குள்ளதான் இருக்கும், அவரும் நானுஓயா பக்கத்து தோட்டத்து பிள்ளைதான். எங்களோட கொழும்புல இருந்து வந்த ஒரு சிங்கள குடும்பமும், ரெண்டு வெளிநாட்டுக்காரங்களும் இருந்தாங்க. மூணு பாஷையிலயும் மாத்தி மாத்தி கதைச்சாரு, ஆனா நாங்க கேட்டதுக்கப்புறம்தான் தமிழ் வந்துச்சு, அதையும் பெறகு சொல்றேன்.

தபால் கந்தோர்ல ஆரம்பிச்சாரு. 1894ல கட்டினது, ரெண்டு மாடி, செங்கல்லு, மேல மணிக்கூட்டு கோபுரம். எனக்கு புடிச்சது என்னன்னா, மொகப்ப பத்தி ஒரு வார்த்தை சொல்லாம எங்கள நேரா சுவர்கிட்ட கூட்டிட்டு போயி, செங்கல்லு எப்பிடி அடுக்கியிருக்குன்னு பாக்க சொன்னதுதான். ஒரு வரி முழுக்க நீளவாட்டுல வச்சு அடுத்த வரி முழுக்க தலைப்பக்கம் தெரியுற மாதிரி வச்சா அது இங்கிலிஷ் பொண்டாம், ஒரே வரியில நீளம் ஒண்ணு தலை ஒண்ணுன்னு மாத்தி மாத்தி வச்சா அது பிளெமிஷ் பொண்டாம். இனிமே டவுன்ல எந்த பழைய சுவர பாத்தாலும் ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லணும்னு எங்களுக்கு வேலையும் குடுத்துட்டாரு. தலைப்பக்கம் தெரியுற கல்லுதான் சுவரோட உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் சேத்து புடிக்குதுன்னு அவரு சொல்றதுக்கு முன்னாடியே அப்பா சொல்லிட்டாரு. "ஐயா மேசன் வேல செஞ்சீங்களா?"ன்னு தம்பி கேட்டாரு. "இல்ல தம்பி, மேசன் பாஸ் பக்கத்துல நின்னு பாத்தது"ன்னாரு அப்பா. அங்க இருந்து கடைசி வரைக்கும் அந்த ரெண்டு பேரும் சேந்துதான் நடந்தாங்க, நாங்க எல்லாம் பின்னால.

அதுக்கப்புறம் வருஷங்கள வரிசையா சொன்னாரு பாருங்க, அது எனக்கு இத்தன நாளா தெரியாமப் போச்சேன்னு இருந்துச்சு. நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885. கிராண்ட் ஹோட்டல் ஹோட்டலா மாறினது 1891. தபால் கந்தோர் 1894. விக்டோரியா பார்க்குக்கு ராணியோட அறுபதாவது வருஷ ஜூபிலிக்காக அந்தப் பேர வச்சது 1897. ரயில் வந்து பன்னெண்டு வருஷத்துக்குள்ள இந்த டவுனோட முகமே மாறிடுச்சு. அதுக்கு முன்னாடி இங்க ஒரு பியானோ வேணும்னாலும் ஒரு மூட்டை அரிசி வேணும்னாலும் ரம்பொடை மலை ரோட்டு வளைவுகள்ல மாட்டு வண்டியிலயும் ஆளோட தலையிலயும் முதுகுலயும்தான் ஏறி வரணும். இத அவரு ரொம்ப சாதாரணமா சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்கு போயிட்டாரு, எனக்கு ஒரு நிமிஷம் அங்கயே நிக்கணும் போல இருந்துச்சு.

இந்த தபால் கந்தோர் கட்டடத்த ஹோட்டலுக்கு குடுக்கப் போறாங்கன்னு கதை வந்து, 2023 நவம்பர்ல தபால் ஊழியர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செஞ்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதையும் மறைக்காம சொன்னாரு. டூர் கம்பெனிங்க பொதுவா இப்பிடி விஷயத்த தொடவே மாட்டாங்க. இன்னைக்கும் உள்ள போனா ஆளுங்க ஸ்டாம்ப் வாங்குறாங்க, காசு அனுப்புறாங்க, பென்ஷனுக்கு வரிசையில நிக்கிறாங்க. அந்த கட்டடம் எதுக்கு கட்டினாங்களோ அதே வேலைய இன்னும் செய்யுது, எனக்கு அதுதான் அதோட அழகுன்னு படுது.

விக்டோரியா பார்க்க வெளிய இருந்து சும்மா பாத்துட்டு போயிட்டோம், உள்ள போக டிக்கெட் தனி. ஒரு காலத்துல அது ஹக்கல தாவரவியல் பூங்காவோட ஆராய்ச்சி நிலமாம், ஹக்கலவே 1861ல சிங்கோனா மரத்துக்காக, அதாவது மலேரியா காய்ச்சலுக்கு கொயினா மருந்து எடுக்குற மரத்துக்காக ஆரம்பிச்சதுதான்.

கிராண்ட் ஹோட்டல் கிட்ட வந்தா நேரம் எடுத்து கேளுங்க, டூர்ல இதுதான் கெட்டியான பகுதி. எட்வர்ட் பார்ன்ஸ்னு ஒரு கவர்னர், 1828 வாக்குல தனக்கு குளிர்ல ஓய்வெடுக்க இங்க ஒரு வீடு கட்டினாரு, பார்ன்ஸ் ஹோல்னு பேரு, அதுதான் பெருகிப் பெருகி இன்னைக்கு நிக்கிற ஹோட்டல். இதே பார்ன்ஸ்தான் கொழும்புல இருந்து கண்டிக்கு ரோடு போட்டவரு, இதே பார்ன்ஸ்தான் கண்டி கிட்ட கன்னொருவையில தனக்குன்னு கோப்பி தோட்டம் போட்டவரு. கவர்னரே தோட்டத் துரைன்னா சட்டம் எந்தப் பக்கம் சாயும்னு யோசிச்சுப் பாருங்க. கோப்பிக் காட்டுக்கு ஆளு வேணும்னு ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை பக்கம் இருந்து நம்ம பாட்டன் பூட்டன்கள கங்காணி, அதாவது ஆள் சேக்குறவன், கூட்டிட்டு வந்தது இந்த காலத்துலதான் தொடங்குது. 2023ல மலையக மக்கள் வந்து 200 வருஷம்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நடந்தாங்களே, அந்த நடையோட ஒரு முனை இந்த புல்தரைக்கிட்ட இருக்குன்னு எனக்கு தோணிச்சு. ஒரு பக்கம் அந்த காலத்துல அதே பாதையில நடந்து வந்து செத்தவங்க, இன்னொரு பக்கம் இந்த வீடு.

கட்டட விஷயத்துக்கு வாறேன். அந்த வெள்ளைச் சுவர்ல கறுப்பு மரச்சட்டம் போட்ட ஸ்டைல் இருக்குல்ல, டவுன் முழுக்க பாக்குறோமே, அதுக்கு டியூடர்னு பேரு. இங்கிலாந்துல டியூடர் ராஜாக்கள் ஆண்டது 1485ல இருந்து 1603 வரைக்கும். அந்த காலத்துல ஓக் மரத்துல முழு வீட்டுக்கும் சட்டம் கட்டி, நடுவுல வரிச்சு பின்னி மண்ணு அப்பி சுண்ணாம்பு பூசுவாங்களாம், அதாவது வீட்ட தாங்குறதே அந்த மரம்தான். அப்பா ஒடனே, "இது நம்ம ஊரு வரிச்சு வீடுதானே தம்பி"ன்னு கேட்டாரு, சிங்கள குடும்பத்து பெரியவரும் தங்கட ஊர்லயும் அப்பிடித்தான் கட்டுவாங்கன்னு சேந்துகிட்டாரு. ஆனா 19ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல அது பேஷனா திரும்பி வந்தப்ப, செங்கல் சுவர கட்டிட்டு மேல பலகைய அடிச்சு கறுப்பு பூசினா போதும்னு ஆயிடுச்சு. நெசமான சட்டமா வெறும் பலகையான்னு எப்பிடி கண்டுபுடிக்கிறதுன்னா, பொருத்து வார எடத்த பாக்கணும், துளை போட்டு மர ஆப்பு அடிச்சிருந்தா சட்டம், சும்மா முட்டி நின்னு ஆணி தல தெரிஞ்சா பலகை. ரோட்டு ஓரத்துல ஒரு பழைய சின்ன பங்களாவுல அப்பா போயி விரலால தட்டிப் பாத்துட்டு பலகைன்னாரு. தம்பி சிரிச்சுகிட்டே, பத்து வீட்ட தட்டினா ஒம்பது அப்பிடித்தான் ஐயான்னாரு.

அப்புறம் சிமினி. ஒவ்வொரு கட்டடத்துலயும் எங்கள சிமினி எண்ண வச்சாரு. ஒரு சிமினின்னா கீழ ஒரு கணப்பு, பெரிய வீடுன்னா அறைக்கு ஒண்ணு, கூரைய பாத்தே உள்ள எத்தன அறையில நெருப்பு போட்டாங்கன்னு சொல்லிடலாமாம். இந்த டவுன் 1868 மீட்டர் உயரம், தை மாசி மாசம் விடிய புல்லு மேல உறைபனி வெள்ளையா நிக்கும், அந்த குளிருக்கு நெருப்பு வேணும்தான். இத மனசுல வச்சுக்கோங்க, மறுபடி வருவேன்.

கோல்ப் மைதானம் 1889ல ஆரம்பிச்சது, ஸ்கொட்லாந்து பட்டாளத்து ஆளுங்க போட்டது. அதோட ஓரத்துல பழைய மயானத்துல மேஜர் ரோஜர்ஸோட கல்லறை இருக்கு. இந்த ஆளு ஆயிரத்துக்கு மேல யானைய சுட்டதா சொல்றாங்க, ஆயிரத்துக்கு மேல! 1845ல ஹப்புத்தளையில இடி விழுந்து செத்தாரு, அப்புறம் கல்லறை மேலயும் இடி விழுந்துச்சுன்னு ஊர்ல ஒரு கதை. அத கேட்டதும் பிள்ளைங்க யாரும் நகர மாட்டேன்னுட்டாங்க. எனக்கு அந்த கதைய விட, அந்த காட்டுல இவ்வளவு யானை இருந்துச்சா, அதெல்லாம் எங்க போச்சுங்கறதுதான் மனசுல நின்னுச்சு. சாமுவேல் பேக்கர் கதையும் இங்கதான் வரும். 1848ல இங்கிலாந்துல இருந்து ஆளு, மாடு, வேட்டை நாயி, கலப்பைன்னு எல்லாத்தையும் கட்டிக்கிட்டு இங்க வந்து ஒரு இங்கிலிஷ் கிராமத்தையே நட்டு வைக்கப் பாத்தவரு, 1855ல திரும்பிட்டாரு, பெறகு ஆப்பிரிக்காவுல அல்பர்ட் ஏரிய தேடிப் போயி பேரெடுத்தாரு. நுவரெலியா இன்னைக்கு மரக்கறிக்கு பேர் போன ஊரா இருக்குறதுக்கு அவரோட தோட்டமும் ஒரு தொடக்கம்.

வெள்ளைக்கார துரைமாரோட ஹில் கிளப் 1876ல தொடங்கினது, ஆனா இப்ப நிக்கிற கல்லு கட்டடம் அதுக்கு பிந்தினதுன்னு நேர்மையா சொல்லிட்டாரு, நல்லது, பழசுன்னு சொல்லி எல்லாத்தையும் காட்டி ஏமாத்தல. வெளிய நின்னு பாத்துட்டு நகந்தாச்சு.

ஹோலி டிரினிட்டி சர்ச் எனக்கு ரொம்ப புடிச்ச எடம். 1852 பெப்ரவரியில பிஷப் வந்து அர்ப்பணிச்சது, அதாவது தபால் கந்தோருக்கு நாப்பது வருஷத்துக்கு மேல மூத்தது, ரயிலே இல்லாத காலம். கூர் முனை வளைவு ஜன்னல், கலர் கண்ணாடி, உள்ள அமைதி. நாங்க போனப்ப ஆராதனை நடந்துகிட்டு இருந்துச்சு, பின்னால சத்தம் போடாம நின்னோம், யாரும் ஒண்ணும் சொல்லல. அப்பா மேல கூரை மரத்தையே பாத்துகிட்டு நின்னாரு. வெளிய வந்து என்கிட்ட மெதுவா சொன்னாரு, "மரத்த அறுத்தவன், தூக்குனவன், மேல ஏறி நின்னு பொருத்துனவன், ஒருத்தன் பேரும் இங்க இல்ல பாத்தியா." உண்மைதான். கல்லறைக் கல்லுகள்ல துரைமார் பேரு, அவங்க பெண்டாட்டி பேரு, கைக்குழந்தைங்க பேரு கூட இருக்கு, அந்த குழந்தைங்கள நெனச்சாலும் பாவமாத்தான் இருக்கு. ஆனா கட்டினவங்க பேரு ஒரு மூலையிலயும் இல்ல.

இப்ப அந்த ஒரு ஸ்டார்.

19ஆம் நூற்றாண்டு கட்டடம்னு சொல்லி இந்த டூர்ல பாத்தது கவர்னர் வீடு, கிளப்பு, சர்ச்சு, தபால் கந்தோர். ஆனா இந்த மலைநாட்டுல அந்த நூற்றாண்டுல ஆரம்பிச்சு எண்ணிக்கையில எல்லாத்த விடவும் அதிகமா கட்டின கட்டடம் எது? லயம். ஒரே கூரைக்கு கீழ வரிசையா காம்பரா, அதாவது அறை, பத்தடிக்கு பன்னெண்டடி, முன்னால ஒரு இஸ்தோப்பு, அதாவது திண்ணை, மேல தகரம். சில எடத்துல முதுகோட முதுகு ஒட்டி ரெண்டு வரிசை, பின்பக்கம் ஜன்னல் போடவே வழி இல்ல. இதுக்கும் ஒரு திட்டம் இருந்துச்சு, அளவு இருந்துச்சு, ஏன் இந்த அளவுன்னு ஒரு காரணம் இருந்துச்சு. கோப்பி மரம் 1869ல இருந்து இலை நோயில அழிய ஆரம்பிச்சப்பவும், ஜேம்ஸ் டெய்லர்னு ஒரு வெள்ளைக்காரரு 1867ல லூல்கந்துரை தோட்டத்துல 19 ஏக்கர்ல போட்ட தேயிலை மலை முழுக்க பரவினப்பவும் பயிர்தான் மாறிச்சு, லயம் மாறல. கட்டடக் கலைன்னா அழகான மொகப்பு மட்டும்தானா? ஆளுங்கள எப்பிடி அடுக்கி வச்சாங்கங்கறதும் கட்டடக் கலைதானே.

சிமினிய மனசுல வச்சுக்க சொன்னேன்ல. அதே குளிரு, அதே உறைபனி, ஒரு மைல் தள்ளி இருக்குற லயத்துல சிமினி கெடையாது. நான் பொறந்து வளந்த காம்பராவுல அடுப்பு உள்ளயேதான், புகை கதவு வழியா போனா போகும், இல்லன்னா தகரத்துல படியும். எங்க பாட்டி கடைசி வரைக்கும் இருமிக்கிட்டேதான் இருந்தாங்க. கூரைய பாத்தே வீட்டுக்குள்ள எத்தன நெருப்புன்னு சொல்லலாம்னு தம்பி சொன்னப்ப அப்பா என்ன பாத்தாரு, நானும் அவர பாத்தேன், ரெண்டு பேருக்கும் ஒரே நெனப்பு.

டூர் முடிஞ்சு லேக் பக்கம் உக்காந்தப்ப தம்பிகிட்ட நேராவே கேட்டேன். அவரு கோவிக்கல. அவரும் லயத்துல பொறந்தவருதான், கம்பெனில சொல்லிப் பாத்திருக்காரு, ஆளுங்க வசிக்கிற எடத்துக்கு கெமராவோட கூட்டமா போறது சரியில்லன்னு சொல்லிட்டாங்களாம். அந்த பேச்சுல ஞாயம் இருக்கு, நானும் ஒத்துக்கறேன், நம்ம வீட்டு முன்னால வந்து யாராச்சும் போட்டோ புடிச்சா எனக்கே புடிக்காது. ஆனா ஆளு இல்லாம கைவிட்ட லயம் எத்தனயோ இருக்கு, அதுல ஒண்ண கேட்டு வாங்கி, தோட்டத்து ஆளுங்க ஒருத்தர் ரெண்டு பேர சம்பளம் குடுத்து பேச வச்சு, அரை மணி நேரம் காட்டலாம். அதுவும் முடியலையா, கிராண்ட் ஹோட்டல் புல்தரையில நின்னு சிமினி எண்ணும்போது லயத்துல சிமினி இல்லன்னு ஒரு வரி சொல்லலாம். ஒரு வரி. அதுக்கு எந்த பர்மிஷனும் வேணாம். தம்பி தலையாட்டினாரு, "இனி சொல்றேன் அக்கா"ன்னாரு, நம்புறேன்.

மத்த விஷயங்கள். புக் பண்ணுற எடத்துல இங்கிலிஷும் சிங்களமும்தான் இருக்கு, தமிழே இல்ல. நுவரெலியா மாவட்டத்துல தமிழ் பேசுற சனம்தான் பாதிக்கு மேல, அங்க நடக்குற டூருக்கு தமிழ் இல்லன்னா எப்பிடி? போன் பண்ணி கேட்டா தமிழ் கைட் தருவாங்க, கேக்கலன்னா தர மாட்டாங்க, அதனால கட்டாயம் கேளுங்க. கலந்த குரூப்ல போனா மூணு பாஷைக்கும் நேரம் பிரியுது, தமிழுக்கு வார பங்கு சுருங்கிடுது, ஆறேழு பேரா சேந்து தமிழ்லயே தனி குரூப்பா போனா விலையும் அதேதான், கதை ரெண்டு மடங்கு கெடைக்கும்னு தம்பியே சொன்னாரு. இடையில டீ குடிக்க ஒரு எடத்துல நிப்பாட்டினாங்க, ஒரு பிளேன்டீக்கு அவங்க எழுதியிருந்த விலைய பாத்துட்டு அப்பா வேணாம்னு சொல்லிட்டாரு, தேயில வெளயிற ஊர்ல டீக்கு அந்த விலை அநியாயம். டூருக்குள்ளயே ஒரு டீய சேத்துடலாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ரொட்டியும் கட்டச் சம்பலும் சூடா கெடைக்கும், முடிச்சுட்டு அங்க போயி சாப்பிடுங்க.

வயசானவங்கள கூட்டிட்டு போறவங்களுக்கு: கோல்ப் மைதானத்து பக்கமும் சர்ச் ரோடும் கொஞ்சம் ஏத்தம், மத்தது சமதரை. உக்கார எடம் கொறைவு, தம்பி அப்பாவுக்காக ரெண்டு எடத்துல நிப்பாட்டினாரு, ஆனா எல்லா கைட்டும் அப்பிடி பாப்பாங்கன்னு சொல்ல முடியாது, முன்னாடியே சொல்லி வைங்க. டொய்லெட் ஆரம்பத்துலயும் லேக் கிட்டயும்தான். குடை கட்டாயம். ஏப்ரல் சீசன்ல போகாதீங்க, ரோட்டுல நிக்கவே எடம் இருக்காது, சுவர எங்க பாக்குறது. தை மாசி காலைல சரியான குளிர், ஆனா வானம் தெளிவா இருக்கும், செங்கல்லு மேல வெயில் விழுற நேரம் ஏழரையில இருந்து எட்டரைக்குள்ள, போட்டோவுக்கு அதுதான் நேரம்.

கிரகரி லேக்ல முடிப்பாங்க, 1873ல கவர்னர் கிரகரி சதுப்பு நிலத்த அணை கட்டி நெறப்பினது, அங்க பெருசா வெளக்கம் இல்ல, எல்லாரும் களைச்சிருப்பாங்க. ரயில்ல வாறவங்க நானுஓயாவுல எறங்கி பஸ் புடிச்சா போதும், ஆனா காலைல ஏழரைக்கு வந்து சேருற மாதிரி ரயில் இல்லாட்டி மொத நாளே வந்துடுங்க, ஆரம்பத்துல அந்த செங்கல்லு பாடத்த விட்டுட்டா மிச்ச டூர் பாதிதான் விளங்கும். நாங்க அடுத்து தோட்டத்துல இருந்து ஒரு வேன் ஆளு சேத்து முழுக்க தமிழ்லயே போறதா பேசியிருக்கோம், அப்பா இப்பவே மூணு மேசன் பாஸ்மாருக்கு சொல்லிட்டாரு.